இரண்டு கார்ட் போட்டால் ஒன்று ஏன் படுத்துவிடுகிறது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கொம்பியூட்டர் திருத்தும் கடைக்கு ஒரு டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனால் அடிக்கடி கிடைக்கும் தீர்ப்பு ஒன்று உண்டு: "ரெண்டு கார்டும் ஒத்துவருதில்ல. ஒண்டக் கழட்டி வெச்சிட்டுப் பாவிங்க." கிராபிக்ஸ் கார்ட் போட்டதும் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுவிட்டதா? கொன்ஃப்ளிக்ட், அதாவது மோதல். புது எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதா? அதுவும் கொன்ஃப்ளிக்ட். வீடியோ எடிட் பண்ணும்போது மட்டும் இயந்திரம் அணைந்து போகிறதா? அதற்கும் அதே பெயர்தான். பெயர் சொல்லியாகிவிட்டது, மறுகா விண்டோஸைப் போர்மட் பண்ணுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் புது மதர்போர்டுக்கு விலை சொல்வார்கள்.

மேலே சொன்ன மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு. மூன்றிலும் இரண்டு கார்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவே இல்லை. இன்றைய கொம்பியூட்டரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மதர்போர்ட் கார்டுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏதோ ஒன்று போதாமல் போகிறது. எது போதவில்லை என்று கண்டுபிடித்தால், பாதிக் கேஸுகளில் ஒரு சதமும் செலவழிக்காமல் இரண்டு கார்டையும் ஓட வைக்கலாம்.

## ஒரு கார்டுக்கு என்னென்ன வேண்டும்

மதர்போர்டில் உள்ள நீளமான துளையில், அதாவது ஸ்லொட்டில், செருகும் எதையும் இங்கே கார்ட் என்கிறேன்: கிராபிக்ஸ், சவுண்ட், நெட்வேர்க், வைஃபை, வீடியோ கெப்சர், பழைய பிரிண்டருக்கான பரலல் போர்ட் கார்ட். எம்.2 துளையில் படுத்திருக்கும் சின்ன எஸ்எஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கார்ட் மாதிரித் தெரியாவிட்டாலும், பங்கு கேட்பதில் அதுவும் ஒரு கார்ட்தான்.

களுவாஞ்சிகுடிச் சந்தையையோ கல்முனைச் சந்தையையோ நினைத்துக்கொள்ளுங்கள். கடை பரப்ப வரும் ஒரு வியாபாரிக்கு நான்கு விடயம் வேண்டும். உட்கார இலக்கம் போட்ட ஓர் இடம். ஏதும் தேவையென்றால் சந்தைப் பொறுப்பாளரைக் கூப்பிட ஒரு வழி. சாமான் வந்துபோக ஒரு பாதை. இருட்டினால் பல்ப் எரிய கரன்ட். இந்த நான்கில் எது குறைந்தாலும் வியாபாரம் நடக்காது. ஆனால் குறைகிற விதம் ஒவ்வொன்றும் வேறு. இடம் கிடைக்காதவர் கடையே போட மாட்டார். பாதை நெருக்கமானால் கடை நடக்கும், சாமான் மெதுவாக வரும். கரன்ட் போதாவிட்டால், எல்லாக் கடையும் பல்ப் போடும் நேரத்தில்தான் ஃபியூஸ் போகும்.

கொம்பியூட்டரில் பொறுப்பாளர் புரொசசர். இலக்கம் போட்ட இடத்துக்கு முகவரி என்று பெயர். ஒரு கார்டோடு பேச புரொசசர் பாவிக்கும் எண் அது. கூப்பிடும் வழி இன்டரப்ட்; "என்னிடம் வேலை வந்திருக்கிறது, கொஞ்சம் பார்" என்று கார்ட் புரொசசருக்குச் சொல்வது. பாதை லேன், கார்டுக்கும் புரொசசருக்கும் இடையே தரவு ஓடும் கம்பித் தொகுதி. கரன்ட் கரன்ட்தான்.

நோய்க்குறியைப் பார்த்து இந்த நான்கில் எது என்று ஊகிப்பதுதான் முழு வித்தையும்.

## உண்மையாகவே சண்டை நடந்த காலம்

கொன்ஃப்ளிக்ட் என்ற பேச்சு சும்மா கிளம்பவில்லை. ஒரு காலத்தில் கார்டுகள் நிஜமாகவே மோதின.

1981 இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டரப்டுக்கு எட்டுக் கோடுகள்தான் இருந்தன. 1984 இன் ஏடி மொடலில் அது 16 ஆனது. அதிலும் ஒன்று இரண்டு சிப்புகளை இணைக்கவே போய்விட, மிச்சம் 15. இவற்றுக்கு ஐஆர்க்யூ எண்கள் என்று பெயர். 0 கடிகாரத்துக்கு, 1 கீபோர்டுக்கு, 6 ஃப்ளொப்பிக்கு, 14 ஹார்ட் டிஸ்க்குக்கு என்று பெரும்பகுதி முதலிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் நாலைந்துக்குத்தான் சவுண்ட் கார்ட், நெட்வேர்க் கார்ட், மொடெம் எல்லாம் அடிபட்டன. எந்த எண் என்பதைக் கார்டில் உள்ள ஜம்பர் என்ற சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி மாட்டி நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் காலத்து ஐஎஸ்ஏ ஸ்லொட்டில் இரண்டு கார்டுகள் ஒரே கோட்டை நம்பிப் பகிர முடியாது. இரண்டும் ஒன்றாகக் கூப்பிட்டால் ஓர் அழைப்பு தவறிப்போகும். ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் கார்ட் 7 ஆம் எண்ணில் வந்தது. பிரிண்டர் போர்டும் அதே 7. மௌஸ் கொம்1 என்ற சீரியல் போர்டிலும் மொடெம் கொம்3 இலும் இருந்தால் இரண்டுக்கும் 4 ஆம் எண். இன்டர்நெட்டுக்கு டயல் பண்ணியதும் மௌஸ் அப்படியே உறைந்து நிற்கும். அதைப் பார்த்தவர்கள் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் "கொன்ஃப்ளிக்ட்" என்று சொல்வதில் ஆச்சரியமில்லை.

நிலைமையை மாற்றியது இன்டெல் 1992 இல் கொண்டுவந்த பிசிஐ ஸ்லொட். எண்ணைக் கார்டில் நாம் குறிக்கத் தேவையில்லை. இயந்திரம் எழும்பும்போது பயோஸ் என்ற அடிப்படை நிரலே பங்கிட்டுக் கொடுத்துவிடும். 1995 இல் விண்டோஸ் 95 உம் அந்த வேலையில் சேர்ந்துகொண்டது. இதைவிட முக்கியம், பிசிஐயில் ஒரே இன்டரப்ட் கோட்டைப் பல கார்டுகள் பகிரலாம். அழைப்பு வந்ததும் அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு ட்ரைவரிடமும் "உன்னுடைய கார்டா?" என்று விண்டோஸ் கேட்கும். ட்ரைவர் என்பது ஒரு கார்டோடு எப்படிப் பேசுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் மென்பொருள். ட்ரைவர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் பகிர்வதில் பிரச்சினை வராது.

2003 இல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் தனியான இன்டரப்ட் கம்பியே இல்லை. கார்ட் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு சின்னச் செய்தியை எழுதும். புரொசசருக்கு அதுவே அழைப்பு. 15 கோடு என்ற பஞ்சம் அதோடு தீர்ந்தது.

ஆகவே விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரைத் திறந்து, இரண்டு கார்டுக்கும் ஐஆர்க்யூ 16 என்று ஒரே எண் போட்டிருப்பதைக் காட்டி, "பாத்தீங்களா, அடிபடுது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது பகிர்வு. மைனஸ் 4, மைனஸ் 7 என்று விசித்திரமான எண்கள் தெரிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. செய்தி அனுப்பும் முறையில் கார்ட் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதுவரை: ஒரு கார்டுக்கு முகவரி, இன்டரப்ட், லேன், கரன்ட் நான்கும் வேண்டும். இன்டரப்ட் சண்டைதான் பழைய பேயாட்டம். இன்றைக்கு அது கிட்டத்தட்ட முடிந்த கதை. மிச்சம் மூன்றைப் பார்ப்போம்.

## முகவரி போதாமல் போவது

"4 ஜிபி ராம் போட்டன், 3.25 தான் காட்டுது, கடைக்காரர் ஏமாத்திட்டார்." 32-பிட் விண்டோஸ் காலத்தில் இந்தக் குற்றச்சாட்டு நிறையவே இருந்தது. கடைக்காரர் பாவம். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தமே 4 ஜிபி அளவுக்குத்தான். கார்டுகளுக்கும் அதற்குள்தான் இடம் ஒதுக்க வேண்டும். ஒரு கிராபிக்ஸ் கார்ட் மட்டுமே 256 எம்பி கேட்கும். கார்டுகள் எடுத்தது போக எஞ்சியதுதான் ராமுக்கு.

இன்று 64-பிட் விண்டோஸ். ஆனால் பல பயோஸுகள் கார்டுகளுக்கு இன்னும் அந்தப் பழைய 4 ஜிபிக்குள்தான் இடம் தேடுகின்றன. ஒரு கிராபிக்ஸ் கார்ட், அதோடு இன்னொன்று, பிறகு ஒரு கெப்சர் கார்ட் என்று அடுக்கினால் இடம் முடிந்துவிடும். அப்போது டிவைஸ் மனேஜரில் அந்தக் கார்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் வரும். அதை இரட்டைக் கிளிக் பண்ணினால் கோட் 12: பாவிக்கப் போதுமான வளம் இந்தச் சாதனத்துக்குக் கிடைக்கவில்லை. போர்மட் பண்ணினாலும் இது போகாது, ஏனென்றால் இடம் ஒதுக்குவது பயோஸ். பயோஸுக்குள் போய் 'எபவ் 4ஜி டிகோடிங்' என்பதை இயக்கினால், 4 ஜிபிக்கு மேலே உள்ள முகவரிகளையும் கார்டுகளுக்குக் கொடுக்கும். 32-பிட் விண்டோஸ் ஓடும் இயந்திரத்தில் மட்டும் இதைத் தொடவேண்டாம். சில பழைய போர்டுகளில் இந்த அமைப்பே இருக்காது. அங்கே போர்டில் பாவிக்காத சாதனங்களை, உதாரணமாக இரண்டாவது நெட்வேர்க் போர்ட் அல்லது சீரியல் போர்டை, பயோஸில் அணைத்துப் பார்க்கலாம். சில நேரம் அதுவே போதும்.

முகவரியில் இன்னொரு வகைச் சிக்கல் நம்மூர்க் கடைகளில்தான் அதிகம். பில் போடும் மென்பொருள் பழைய டொஸ் காலத்தது, பிரிண்டர் டொட் மெட்ரிக்ஸ், இயந்திரம் மட்டும் புதிது. புது மதர்போர்டில் பரலல் போர்ட் இல்லாததால் ஒரு கார்ட் வாங்கிப் போடுகிறார்கள். விண்டோஸிலிருந்து டெஸ்ட் பேஜ் அடிக்கிறது. பில் மட்டும் அடிக்க மறுக்கிறது. கார்ட் பழுது என்று திருப்பிக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அதே கதைதான். காரணம் லேசானது. அப்படிப்பட்ட பழைய மென்பொருள் பல, பிரிண்டர் 378 என்ற முகவரியில்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே எழுதும். புதிய கார்டுக்கோ பயோஸ் வேறு ஏதோ முகவரி கொடுத்திருக்கும். கதவுகளுக்குப் பூவேலை செதுக்கும் சிஎன்சி இயந்திரங்களைப் பரலல் போர்ட் வழியாக ஓட்டுபவர்களும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வழி உண்டு: மாக்3 போன்ற மென்பொருளில் போர்ட் முகவரியை நாமே எழுதலாம். டிவைஸ் மனேஜரில் அந்தக் கார்டின் ரிசோர்சஸ் பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள எண்ணைப் பார்த்து எழுதினால் முடிந்தது. பில் மென்பொருளில் முகவரியை மாற்ற இடம் இல்லாவிட்டால், போர்டிலேயே பரலல் போர்ட் உள்ள பழைய இயந்திரம் ஒன்றைத் தேடுவதுதான் மலிவு.

## லேன்: யாரும் பார்க்காத பக்கம்

அதிகமான குழப்பம் இங்கேதான் நடக்கிறது.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட்டுகள் 1, 4, 8, 16 என்று லேன் கணக்கில் அளக்கப்படும். மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் விநாடிக்குச் சுமார் 1 ஜிபி கொண்டுபோகும். புரொசசரிடம் இருக்கும் லேன்கள் எண்ணி வைத்தவை. ஆறாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரையான சாதாரண இன்டெல் டெஸ்க்டொப் புரொசசர்களில் கார்டுகளுக்கு நேராகக் கிடைப்பது 16 லேன். ஏஎம்4 சொக்கெட்டுக்கு வந்த ஏஎம்டியின் ரைசன் புரொசசர்கள் பெரும்பாலானவற்றில் 24. அதில் 16 கிராபிக்ஸுக்கு, 4 எஸ்எஸ்டிக்கு, 4 சிப்செட்டுக்கு. சிப்செட் என்பது மதர்போர்டில் இருக்கும் துணைப் பொறுப்பாளர். யூஎஸ்பி, சாட்டா (டிஸ்க்குகளை மாட்டும் போர்ட்), நெட்வேர்க், சின்ன ஸ்லொட்டுகள் எல்லாவற்றையும் தான் வாங்கி, ஒரே பாதையில் புரொசசருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

போர்டில் உள்ள துளைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்ட இந்த லேன்கள் பல போர்டுகளில் போதாது. அதனால் தயாரிப்பாளர்கள் ஒரே லேனை இரண்டு துளைக்கு இழுத்து வைக்கிறார்கள்: இதைப் பாவித்தால் அது அணையும். எம்.2 துளையில் எஸ்எஸ்டி போட்டதும் ஐந்தாம் ஆறாம் சாட்டா போர்டுகள் செத்துப்போவது இப்படித்தான். பழைய ஹார்ட் டிஸ்க் அந்த ஐந்தாம் போர்டில் மாட்டியிருந்தது, அவ்வளவுதான். டிஸ்க்கில் பழுது இல்லை. கலியாண வீடியோக்கள் எல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கின்றன. கேபிளைக் கழற்றி முதலாம் போர்டில் மாட்டினால் திரும்ப வந்துவிடும். இதற்காக டேட்டா ரெக்கவரிக்குக் காசு கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அடுத்தது ஸ்லொட்டின் நீளம். 16 லேன் அளவுக்கு நீளமாக இருக்கும் இரண்டாவது ஸ்லொட்டுக்குள் பெரும்பாலும் 4 லேனுக்கு மட்டுமே கம்பி இருக்கும். கிராபிக்ஸ் கார்டைத் தவறி அதில் போட்டாலும் ஓடும், ஆனால் இளைத்து ஓடும். சில போர்டுகளில் அதே ஸ்லொட் பக்கத்தில் உள்ள ஒரு லேன் ஸ்லொட்டுகளோடு பங்கு போட்டிருக்கும். வைஃபை கார்டை அங்கே போட்டதும் இது 4 லேனிலிருந்து குறைந்துவிடும். இரண்டு மூன்று எம்.2 எஸ்எஸ்டிகளை ஒரே ஸ்லொட்டில் மாட்டும் மலிவான அடப்டர் கார்டுகள் இன்னொரு பொறி. ஸ்லொட்டின் 16 லேனை நான்கு நான்காகப் பிரிக்கும் வசதி போர்டின் பயோஸில் இல்லையென்றால், அந்தக் கார்டில் முதலாவது எஸ்எஸ்டி மட்டும்தான் தெரியும்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? மதர்போர்டின் மனுவலில் ஒரு பக்கம் இதற்கென்றே இருக்கும். சின்ன எழுத்தில், நட்சத்திரக் குறி போட்டு. போர்டில் அச்சிட்டிருக்கும் மொடல் பெயரைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடினால் மனுவல் இலவசம். எந்தத் துளை எதோடு பங்கு என்று அந்தப் பக்கம் நேராகச் சொல்லிவிடும். கார்ட் வாங்கும் முன் பார்த்தால் இன்னும் நல்லது.

இதுவரை: கோட் 12 வந்தால் முகவரி, பயோஸில் தீர்க்கவேண்டிய வேலை. ஒன்றைப் போட்டதும் இன்னொன்று அடியோடு மறைந்தால், அல்லது இரண்டும் ஓடியும் ஒன்று இளைத்துப்போனால், லேன். அங்கே மனுவலும் துளை மாற்றுவதும்தான் மருந்து.

## கரன்ட்

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் அதிகபட்சம் 75 வோட் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டிய கார்டுகளுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர்: ஆறு முனை வயர் இன்னொரு 75, எட்டு முனை வயர் 150. நம் பக்கம் அதிகமாக ஓடுவது அலுவலகங்களிலிருந்து கழித்து இறக்குமதியான பாவித்த இயந்திரங்கள். விலைக்கு அவை நல்ல சாமான். ஆனால் அந்த இயந்திரங்களின் சின்னப் பவர் சப்ளை பெரிய கார்டை நினைத்துச் செய்ததல்ல. அந்த ஆறு முனை வயரே பலவற்றில் இருக்காது. அப்போது சாட்டா பவர் வயரை ஆறு முனையாக மாற்றும் கன்வேர்ட்டர் ஒன்றை விற்பார்கள். சாட்டா பவர் முனை 12 வோல்டில் 54 வோட்டுக்குத்தான் அளவிட்டது. அதில் 75 இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். வாங்கவேண்டாம்.

கரன்ட் பிரச்சினைக்கு அடையாளம் நேரம். இயந்திரம் எழும்பும், இன்டர்நெட் பார்க்கும், எல்லாம் சுகம். வீடியோ ரெண்டர் போட்டதும், கேம் தொடங்கியதும் அணைந்துவிடும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். சூடு ஏறினாலும் இதேதான் நடக்கும் என்பதால் முதலில் ஃபேனில் உள்ள தூசியைத் தட்டுங்கள். இரண்டாவது கார்டைக் கழற்றினால் சரியாகிறது என்றதும் "கார்ட் அடிபடுது" என்று முடிவு கட்டுவது இங்கேதான் அதிகம்; உண்மையில் மொத்தச் சுமை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

## சண்டையே இல்லாத சண்டைகள்

கிராபிக்ஸ் கார்ட் போட்டதும் சவுண்ட் நிற்பது எப்படி? கார்டின் எச்டிஎம்ஐ வழியாகவும் சத்தம் போகும். புதிய ட்ரைவர் ஏறியதும் விண்டோஸ் சில நேரம் அதையே முதன்மை ஒலி வெளியீடாக எடுத்துக்கொள்ளும். மொனிட்டரில் ஸ்பீக்கர் இல்லை, ஆகவே மௌனம். கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் பண்ணிப் பழைய வெளியீட்டைத் தெரிவு செய்தால் போதும்.

கார்ட் போட்டதும் திரை கறுப்பாவதும் இந்த இனம்தான். மொனிட்டர் வயர் இன்னும் மதர்போர்டின் சொக்கெட்டிலேயே இருக்கும். கார்டைக் கண்டதும் பயோஸ் அந்தச் சொக்கெட்டை அணைத்திருக்கும். வயரைக் கார்டுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் நம் காற்று. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, ஒக்டோபர் தொடங்கினால் மழை. கார்டின் பொன்னிற முனைகளில் அழுக்குப் படலம் பிடித்து, தொடுகை விட்டு விட்டு வரும். ஸ்லொட் மாற்றியதும் சரியாகிவிட்டது என்றால் காரணம் லேனாக இல்லாமல் வெறும் தொடுகையாகவும் இருக்கலாம். கார்டைக் கழற்றி, ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் முனைகளைத் துடைத்து, காய்ந்தபின் திரும்பச் செருகிப் பாருங்கள். எல்லோரும் பாவிக்கும் அழிறப்பரும் வேலை செய்யும்; மெதுவாகத் தேய்த்து, துகள் ஸ்லொட்டுக்குள் விழாமல் ஊதிவிட வேண்டும்.

## எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் கழற்றாதீர்கள்; பாருங்கள். டிவைஸ் மனேஜரில் அந்தக் கார்ட் தெரிகிறதா? மஞ்சள் முக்கோணத்தோடு தெரிந்தால் கோட் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 12 முகவரி. 28 என்றால் ட்ரைவர் போடவே இல்லை. 10 என்றால் கார்டைத் தொடக்க முடியவில்லை. ட்ரைவரைத்தான் முதலில் சந்தேகிக்கலாம், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். 43 என்றால் கார்டிடமிருந்தே பழுது என்று செய்தி வந்திருக்கிறது; ட்ரைவர், கரன்ட், கார்ட் மூன்றுக்கும் வாய்ப்புண்டு. எண்களைச் சரிபார்க்க விரும்பினால், விண்டோஸில் உள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன் கருவியில் ஹார்ட்வெயார் ரிசோர்சஸ் என்ற பகுதிக்குள் 'கொன்ஃப்ளிக்ட்ஸ், ஷெயரிங்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் நிறைய வரிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வெறும் பகிர்வு என்பதை மறக்கவேண்டாம்.

கார்ட் எங்குமே தெரியவில்லை என்றால் மென்பொருளில் நேரம் செலவழிக்க வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, இயந்திரத்தின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே வையுங்கள். கார்டைத் துடைத்துச் செருகுங்கள், மனுவலைப் பார்த்து வேறு ஸ்லொட்டில் போடுங்கள், மற்றக் கார்டைக் கழற்றிவிட்டு இதைத் தனியாக ஓட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று தெரியாது.

தனியாக ஓடுகிறது, சேர்ந்து ஓடவில்லை என்றால் முகவரி, லேன், கரன்ட் மூன்றில் ஒன்று. எது என்பதை மேலே சொன்ன அடையாளங்கள் காட்டிவிடும். தனியாகவும் ஓடவில்லை என்றால் தெரிந்த ஒருவரின் இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் போர்டின் பயோஸைப் புதுப்பிப்பதையும் பவர் சப்ளையையும் யோசியுங்கள்; அங்கேயும் ஓடவில்லை என்றால் கார்ட் வாங்கிய பில்லைத் தேடுங்கள்.